ஜாடை இல்லாத பாயசம்

இந்த ஓட்டலில் சாப்பாடு சுமார்தான் என்று வசுமதி மூன்றாவது தடவையாகச் சொன்னாள், சொன்ன கையோடு மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள், மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வசுமதி மில்காரர் வீட்டம்மா, சிரிக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். சிரிப்பு வருகிற இடத்தில் இப்போது வேறு என்னமோ வந்து உட்கார்ந்திருந்தது, அதுதான் பெரிய பக்கம். எத்தனை பெரிய கூடம், ஒரு ஜன்னல் இல்லை, சுவரில் ஒரு கடிகாரம் இல்லை, வெளியே உச்சி வெயிலா சாயங்காலமா தெரியாது, கோவாவுக்கு வந்து கடலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, காரிலிருந்து இறங்கினால் கம்பளம், கம்பளத்தில் நடந்தால் சூதாட்டக் கூடத்தின் கண்ணாடிக் கதவு, அதற்குள்ளே மிஷின்கள் கிணுகிணுவென்று சிரிக்கிற சத்தம், அதைத் தாண்டி இந்தச் சாப்பாட்டுக் கூடம். நடுவில் பனிக்கட்டியில் மீன் ஒன்று செய்து நிறுத்தியிருக்கிறார்கள், அது வால் பக்கமிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. "எல்லாத்துலயும் சோம்பைப் போட்டுத் தொலைச்சிருக்கானுங்க, வெண்டைக்காய்லகூடச் சோம்பு," என்றாள் மில்காரரின் தங்கை. "அத்தை, அந்தக் காளான் சூப் சூப்பர், குடிச்சுப் பாருங்க, நாலு ஸ்டார் குடுத்துட்டேன்," என்றாள் மிதுனா, வசுமதியின் மூத்த பெண், ஆறு மாத வயிறு, எதை வாயில் வைத்தாலும் முதலில் போனில் படம் பிடித்துக்கொள்கிறாள். அவள் தங்கைக்குத்தான் தை மாதம் இதே ஓட்டலில் கல்யாணம். அதற்குத்தான் இந்த விருந்து, அதற்குத்தான் மயிலாத்தாளின் வீட்டுக்காரர் சென்னியப்பனை விமானம் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார் மில்காரர் மோகனசுந்தரம். ஓட்டல்காரன் சமையலில் எது நிற்க வேண்டும், எதை எடுத்துவிட்டு நம்ம ஊர்ச் சமையல் வைக்க வேண்டும் என்று அண்ணன் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும், அண்ணன் சொன்னால் மறுபேச்சில்லை. அந்த அண்ணன் பத்து மேசை தள்ளி ஆம்பளைகள் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் இங்கே, ஆண்கள் அங்கே என்று யாரும் சொல்லவில்லை, வந்த உடனே அவரவர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்துத்தானே மயிலாத்தாள் வந்தாள். பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் எதற்கு?

எதற்கு வந்தாள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஈரோடு பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன் பெண்டாட்டியை அடுப்படிக்குக் கூட்டி வருவதில்லை, இருபத்தைந்து வருஷத்தில் அவரும் கூட்டிப் போனதில்லை, பங்குனியில் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் ஒரு நாள் வேட்டியைக் கட்டிக்கொண்டே "நீயும் வா" என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அதற்கு முந்தின வாரம்தானே பால் பொங்கிச் சட்டி கருகி வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், குளித்துக்கொண்டிருந்தவள் ஈரச் சேலையோடு ஓடி வருகிறாள், அடுப்புக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். "ஏனுங்க, பால்" என்றதும் தலையைத் தூக்கிப் புகையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை. திருடன் மாட்டிக்கொண்ட பார்வைகூட இல்லை, பிள்ளை தொலைந்து போய் நிற்குமே, அது. அவள் சட்டியை இறக்கித் தண்ணீரை ஊற்றினாள், அவர் பேப்பரை மடித்தார், அன்றிலிருந்து இன்று வரைக்கும் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கு போனால் இன்னொருத்தருக்கு ஒரு கஷ்டம், அவருக்குக் குடியே மூழ்கிவிடும். அவர் அடுப்படியில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, பிள்ளையாருக்கு இலை போட்டுப் படைத்த பிறகுதான் நாக்கில் படலாம், அது அவருடைய அப்பா காலத்துக் கட்டு, அதனால் உப்பு புளி காரம் எல்லாம் ஆவியிலேயே சொல்லுவார். மூடியைத் தூக்கிக் குனிந்து ஒரு இழுப்பு, "ஒரு கை உப்பு," அவ்வளவுதான், பந்தியில் யாரும் உப்பைத் தேட மாட்டார்கள். சென்னியப்பண்ணன் மூக்கு என்று அந்தப் பக்கமெல்லாம் பேச்சு. இப்போது படைத்து முடித்து நாக்கில் வைத்தாலும் பிரயோஜனமில்லை, காய்ச்சல் நாக்கையும் சேர்த்து மரக்கடித்துவிட்டது, மிளகாய் மட்டும் சுருக்கென்று எரியுமாம், அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை, ஊறுகாயைச் சோறு போலச் சாப்பிடுவதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டது. ஆனாலும் கல்யாண அடுப்படிகளில் அவர் மூடியைத் தூக்குகிறார், குனிகிறார், கண்ணை மூடுகிறார். பின்னால் அவளும் அதே ஆவியை மூக்கில் இழுத்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானையை இடுப்பில் செருகினால் உப்பு போதாது. செருகியதை எடுத்துவிட்டால் கூடிப்போச்சு, தண்ணீர் விடு. வலது கை கழுத்துக்குப் போனால் புளி. சும்மா நின்றால் எல்லாம் சரி. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்றே தெரியாது, இரண்டு மூன்று கல்யாணத்தில் தானாக வந்துவிட்டது, அவர் திரும்பி ஒரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான். போன மாதம் மில்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு அவர்தான் சமையல், வசுமதி மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணன் கைக்கு மோதிரம் போடணும்" என்றாள், மோதிரம் போட வேண்டிய கையைத்தான் வசுமதி பிடித்திருக்கிறாள் என்று நினைத்தபோது மயிலாத்தாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அப்படிப் பெருமைப்பட்டது அசிங்கமாகவும் இருந்தது.

பக்கத்து மேசையில் நாலு பையன்கள், பெங்களூரில் வேலை போல, பேச்சு நம்ம பேச்சு. அதில் ஒருவன் உள்ளே மிஷினில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறான், அவனுக்கு நண்டு தேனாக இனிக்கிறதாம், இந்த மாதிரி நண்டு ஜென்மத்தில் சாப்பிட்டதில்லையாம். தோற்றுவிட்டு வந்தவன் அதே நண்டை உடைத்து வைத்துவிட்டு ரப்பர் என்கிறான், இந்தச் சோத்துக்கா இவ்வளவு பேர் என்கிறான். ஒரே நண்டு. மயிலாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டைப் பற்றி மனுஷர் சொல்வது சாப்பாட்டைப் பற்றித்தானா என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம், சம்பந்தி சண்டை வந்த கல்யாணத்தில் சாம்பார் எப்போதும் தண்ணியாகத்தான் இருக்கும், மாப்பிள்ளை கலெக்டர் ஆபீஸ் என்றால் அதே சாம்பார் நெய்யாக மணக்கும். வசுமதி இப்போது தட்டு நிறைய வந்து உட்கார்ந்தாள், "துபாய்க்கு நாங்க போனமே, அங்க இதுக்கு மேல," என்று ஆரம்பித்தாள், துபாயில் இருந்தபோது வேறு எந்த ஊரைச் சொல்லியிருப்பாளோ. மயிலாத்தாள் தலையை ஆட்டினாள், கண் ஆம்பளைகள் மேசையிலேயே இருந்தது. அவர் எழுந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய சமையல்காரன் ஒரு பக்கம், மோகனசுந்தரம் ஒரு பக்கம், நடுவில் இவர் வெள்ளை வேட்டியில், மூன்று பேரும் ஒவ்வொரு பாத்திரமாக நின்று நின்று வருகிறார்கள், மூடி திறக்கிறது, குனிகிறார், கண்ணை மூடுகிறார். ஐயோ, எதற்கு இந்த நடிப்பு, வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருக்கலாமே. பொரியலில் அவருக்குப் பயமில்லை, பார்வையிலேயே தெரியும், "காய் கூட வெந்துருச்சுங்க, ஒரு கொதி முன்னால இறக்கச் சொல்லுங்க," குரல் கேட்கவில்லை, கை ஆடுகிற விதத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார். பருப்பு, கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறார், அதுவும் கண்தான். குழம்பிடம் வந்ததும் திரும்பினார், அவளைத் தேடினார், அவள் அந்தக் குழம்பை முன்னமே ஒரு வாய் சாப்பிட்டிருந்தாள், அவசரமாக முந்தானையைச் செருகினாள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு முந்தானையைச் செருகுகிறவளை மிதுனா ஒரு மாதிரி பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும். அவர் சமையல்காரனிடம் என்னமோ சொன்னார், அவன் ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினான், மோகனசுந்தரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார், தன் குதிரை ஜெயித்துவிட்டது போல. மயிலாத்தாள் மூச்சை விட்டாள். இப்படியே போய்விட்டால் போதும். மாரியாத்தா, இந்த ஒரு வேளை.

அப்போதுதான் பரிமாறுகிற பெண் சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் இளநீர்ப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள், கல்யாணத்தன்று ஓட்டல்காரர்களே செய்யப்போகிற பண்டம், மாதிரி பார்க்கச் சொல்லி அனுப்பியது. சில்லென்று, மேலே வழுக்கையை மெல்லிசாகச் சீவிப் போட்டு, பார்க்க அழகுதான். மயிலாத்தாள் வாய்க்குக் கொண்டுபோனாள், உதட்டில் படுவதற்கு முன்னால் மூக்கு நிறுத்திவிட்டது. தேங்காய்ப்பால் போய்விட்டது. ஏலக்காயும் சீனியும் குளிரும் சேர்ந்து மேலே போர்த்திக்கொண்டிருக்கின்றன, அடியிலே ஊசல், லேசாக, ஆனால் ஊசல்தான், இந்த எட்டு மாதமாக ராவும் பகலும் மூக்காலேயே பிழைத்தவளுக்கு அது தப்புமா. வைத்துவிட்டாள். "ஒரு மாதிரி இருக்குல்லம்மா?" என்றாள் மிதுனா, ஒரு மடக்கு குடித்துவிட்டு. வசுமதி முகர்ந்தாள், "வேண்டாம் வை, எனக்கும் பிடிக்கல." மில்காரரின் தங்கை, "கெட்டுத்தான் போச்சு, நான் அப்பவே சொன்னேன் இந்த ஊர்க்காரனுங்களுக்குத் தேங்காப்பால் வராதுன்னு," அப்படி எதையும் அவள் சொல்லவேயில்லை. "அண்ணன் வரட்டும், அவர் மூக்குல பட்டா தெரிஞ்சுரும்," என்றாள் வசுமதி. மயிலாத்தாள் நிமிர்ந்தாள். அங்கே மூன்று பேரும் பனிக்கட்டி மீனைத் தாண்டி இனிப்புப் பக்கம் வந்துவிட்டார்கள், சமையல்காரன் அதே தம்ளரை ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறான், அவர் எடுக்கிறார், மூக்குக்குக் கீழே கொண்டுபோகிறார், கண்ணை மூடுகிறார், திறக்கிறார், அவளைப் பார்க்கிறார். அவள் எழுந்து நின்றாள். கை இடுப்புக்குப் போயிற்று, அது உப்பு. கழுத்துக்குப் போயிற்று, அது புளி, பாயசத்தில் புளி என்றால் என்ன நினைப்பார். ஊசிப் போனதற்கு ஜாடை இல்லை. அவள் போய் நிற்க ஆரம்பித்த பிறகு அவர் அடுப்படியில் எதுவும் ஊசிப் போனதில்லை, அதனால் அதற்கு ஒரு ஜாடை வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது. தலையை ஆட்டலாம், கத்தலாம், எத்தனை பேர், எல்லாரும் பார்ப்பார்களே, மில்காரர் பார்ப்பாரே, கை கீழே இறங்கிவிட்டது, அவள் சும்மா நின்றாள். சும்மா நின்றால் எல்லாம் சரி. அவர் முகம் தெளிந்தது, அவ்வளவு தூரத்திலும் அது தெரிந்தது, தம்ளரைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு மோகனசுந்தரத்தைப் பார்த்து, இது அவளுக்குக் கேட்டது, "பிரமாதமுங்க. இதுல கை வைக்கவே வேண்டாம்," என்றார்.

"ஏய், அண்ணன் சொல்லிட்டாரு, ஏ ஒன்னாம்," என்று மோகனசுந்தரம் அங்கிருந்தே சொல்லிவிட்டுத் தானும் ஒரு தம்ளரைக் குடித்தார். முதல் மடக்கில் அவர் புருவம் சுருங்கியதை மயிலாத்தாள் பார்த்தாள், இரண்டாவது மடக்கில் புருவம் சரியாகிவிட்டது. பரிமாறுகிற பெண் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு தட்டு நிறைய இங்கே கொண்டுவந்தாள். வசுமதி ஒதுக்கி வைத்த தம்ளரை எடுத்து மறுபடி ஒரு வாய் குடித்தாள், யோசித்தாள், "ரெண்டாவது வாய்க்கு நல்லாத்தான் இருக்குது." மில்காரரின் தங்கை, "அது கோவாத் தேங்கா, அந்த வாசம் அப்படித்தான் இருக்கும், நமக்குப் பழக்கமில்ல," என்று அவளும் குடித்தாள். தங்கள் மூக்கையே நம்பாத ஜனங்கள். சிரிக்கலாம், இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் இவர்கள் நம்புகிற அந்த மூக்கு யாருடையது என்று இவளுக்குத் தெரியுமே. ஒரு தம்ளரில் என்ன ஆகிவிடும், ஒரு தம்ளர்தானே, சில்லென்றுதானே இருக்கிறது, லேசான ஊசல்தானே, யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா, அந்தச் சமையல்காரனுக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டுதான் நிற்கிறானா, இப்போது வாயைத் திறந்தால் அவருடைய முகத்தை எங்கே வைப்பார், இந்தக் கல்யாணம் போகும், இதைக் கேள்விப்பட்டு அடுத்தது போகும், ஊருக்குள் சென்னியப்பண்ணன் மூக்கு என்ற பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும், ஐம்பத்தெட்டு வயதில் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், ஒரு தம்ளர்தானே. காங்கேயத்தில் ஒரு கல்யாணம், அவருக்கு மூக்கு இருந்த காலம், ஒரு அண்டா பால் பாயசம் இறக்கியாகிவிட்டது, மூடியைத் தூக்கினார், லேசாக ஊசல், திரும்பக் குனிந்தார், ஆட்களைக் கூப்பிட்டுக் கொல்லையில் குழி வெட்டச் சொல்லி அண்டாவோடு கவிழ்த்துவிட்டு வந்தாராம், பெண் வீட்டார் கத்தினார்கள், வாழைப்பழமும் சர்க்கரையும் வைத்துப் பந்தி போட்டார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார், பாயசம் இல்லைன்னா திட்டுவாங்க, அவ்வளவுதானே. அந்த மனுஷனைத்தான் அவள் எட்டு மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அந்த மனுஷன் இப்போது இங்கே இருந்தால் என்ன செய்வார்? மிதுனா புதுத் தம்ளர் ஒன்றை எடுத்துப் போனைத் தூக்கிப் படம் பிடித்தாள், "அஞ்சு ஸ்டார் குடுத்தரலாம்," ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது, எல்லா வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் தெரியாமலே வைத்துக்கொள்கிற மாதிரி. தம்ளர் வாய்க்குப் போயிற்று. மயிலாத்தாள் எட்டி அதைக் கையோடு பிடித்தாள், பாயசம் மேசைத் துணியெல்லாம் சிந்தியது.

"குடிக்காத அம்மிணி. ஊசிப் போச்சு." வசுமதி அவளைப் பார்த்தாள். "என்னக்கா நீங்க, அண்ணனே நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாரு." மயிலாத்தாளுக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "அவருக்கு வாசம் தெரியாதுங்க. பங்குனியில காய்ச்சல் வந்துச்சே, அதுலருந்து தெரியாது. நாக்கும் தெரியாது." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன. மோகனசுந்தரம் வந்துவிட்டிருந்தார், கேட்டும்விட்டிருந்தார், பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும். "அப்ப எங்க நிச்சயதார்த்தத்துக்கு?" என்றார் மோகனசுந்தரம் மெதுவாக. "நாந்தானுங்க வாசம் பாத்தேன்," என்றாள். மோகனசுந்தரம் தம்ளரை எடுத்து, இந்தத் தடவை யாரையும் கேட்காமல், தானே முகர்ந்தார், முகம் சுளித்தது, தட்டையெல்லாம் எடுத்துப்போகச் சொல்லிக் கையைக் காட்டினார், பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் நடந்து போய்விட்டார். "வேற யாராச்சும்... ஆமா, தைக்குத்தான்," அது மட்டும் கேட்டது. வசுமதி மகளை எழுப்பி வாய் கொப்புளிக்கக் கூட்டிப்போனாள், போகும்போது மயிலாத்தாளின் தோளைத் தொட்டாளா, சேலை பட்டதா தெரியவில்லை. மில்காரரின் தங்கையும் எழுந்துகொண்டாள், அவள் ஒன்றும் சொல்லாமல் போனது இன்றைக்கு முதல் தடவை. மயிலாத்தாள் நிமிரவில்லை. வேட்டிக் கரையும் செருப்பும் தெரிந்தன, அவை அங்கேயே நின்றன. திட்டட்டும். இத்தனை பேர் மத்தியில் போட்டுக்கொடுத்துவிட்டேனே, நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம், விட்டுவிட்டுப் போய்விடாமல் இருந்தால் போதும்.

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பெண்கள் மேசையில், அவளுக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்தார். கையில் இருந்த தட்டை அவள் முன்னால் வைத்தார், அதில் தொட்டும் தொடாததுமாக எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எடுத்துப்போக மறந்துபோன ஒரு பாயசத் தம்ளர் மேசையில் நின்றது, அதை எடுத்துப் பார்த்தார், அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தப் புள்ளை குடிச்சிருச்சா?" என்றார். "மொதல்ல ஒரு மடக்குங்க. அதுக்கு மேல விடல." தலையை ஆட்டினார். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கிற குரலில் கேட்டார்.

"என்ன வாசம் அடிக்குது? சொல்லு."

அவள் தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மூக்கும் அடைத்துக்கொள்ளப் பார்த்தது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். "ஈரத்துணிய மடிச்சு வெச்சுட்டு மறந்துபோனா அடிக்குமுங்களே, அது."

"ம்," என்றார், அந்த வாசத்தை எங்கேயோ தேடுகிறவர் மாதிரி. பிறகு தட்டில் இருந்ததில் எதையோ விரலால் தொட்டுக் காட்டினார். "இது?"

"இஞ்சிங்க," என்றாள். "நல்ல இஞ்சி."